திட்டிவாசலில் முதலில் போனவன்

காலை ஒன்பது பத்து. விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகு இடி. கோட்டையின் பெரிய கதவு சரிந்து வழியை அடைக்கிறது. இனி பக்கத்திலிருக்கும் சின்னத் திட்டிவாசல்தான் வழி. ஒரு நேரத்தில் ஒரு ஸ்ட்ரெச்சர்தான் நுழையும்.

"குனி! தலையைக் குனி!" யாரோ இந்தியில் கத்துகிறார்.

எல்லையோரத்தில், ராஜா காலத்துக் கோட்டைக்குள் எங்கள் ராணுவ ஆஸ்பத்திரி. பழைய குதிரை லாயம்தான் வார்டு. நான் நர்சிங் உதவியாளன். ஆவடிக்காரன். யார் முதலில் வெளியே போவது என்று வரிசை பார்ப்பது என் வேலை. டாக்டர் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் துணி கட்டிவிட்டு வெளியே நின்ற ஆம்புலன்சுக்கு ஓடியிருந்தார். சிவப்பு என்றால் உடனே. பச்சை என்றால் பொறுக்கலாம்.

சிவப்பு ஒருவனுக்குத்தான். தீரஜ். மலைநாட்டுச் சமையல்காரன். வயிற்றில் குண்டுச் சிதறல். சத்தமே போடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அடுத்த கட்டிலில் குமார். கால் முறிவு. பச்சை. அவன்தான் கத்தினான்.

"அண்ணாத்தே! நான் கொரட்டூரு. ஊட்ல புள்ள பொறந்துகீது, இன்னும் மூஞ்சியகூட பாக்கல. உட்டுட்டுப் பூடாத!"

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஆடியது. ஆறு மாதமாக எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சையே கேட்காமல் கிடந்தவன் நான். தீரஜின் சிவப்புத் துணியை அவிழ்த்தேன். கட்டு மாற்றுகிறேன் என்று நினைத்திருப்பான். கையை நீட்டிக் கொடுத்தான். சிவப்பைக் குமாருக்குக் கட்டினேன். பச்சையைத் தீரஜுக்குக் கட்டினேன். தூக்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் தூக்குவார்கள்.

குமார் முதலில் போனான். தீரஜ் கடைசி வரிசையில் கிடந்தான். ஒன்பது முப்பத்தொன்று. அடுத்த குண்டு. லாயத்தின் கூரை விழுந்தது. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

வரிசை சரியாகத்தான் இருந்தது என்று விசாரணையில் எழுதினார்கள். எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. வெட்கங்கெட்டு வாங்கிக்கொண்டேன்.

குமார் இப்போது கொரட்டூர் ஸ்டேஷன் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அவன் வீட்டு விசேஷம் எதுவானாலும் எனக்கு முதல் பந்தி. உயிர் கொடுத்த சாமி என்று சொந்தக்காரர்களிடம் காட்டுவான். பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஆஸ்பத்திரியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம், அந்த நாளை எழுதிக் கொடு என்று பழைய ஆட்கள் கேட்டார்கள். போன வாரம் கடைக்குப் போய், துணியை மாற்றிக் கட்டியதை முதலில் குமாரிடம் சொன்னேன். அவன் மெஷினை நிறுத்தினான்.

"தெரியும்ணா. நீ துணிய மாத்திக் கட்டசொல்ல பாத்துகினுதான் இருந்தேன். நானும் வாயத் தொறக்கல." மறுபடி மெஷினைப் போட்டான். "எழுதிடு. என் பேரையும் போட்டு எழுது."

எழுதிவிட்டேன். அன்று போனவை: லாயம். மருந்து அறை. நான்கு உயிர்கள். நான்கையும் குண்டின் தலையில் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றுதான் அதற்குச் சேரும்.

பச்சைத் துணியைப் பார்த்து, லேசான காயம்தான், கூரை விழாவிட்டால் பிழைத்திருப்பான் என்று தீரஜின் அம்மாவுக்குக் கடிதம் போயிற்று. அது பொய், அம்மா. அன்று முதலில் வெளியே போயிருக்க வேண்டியவன் உங்கள் மகன்.