செத்த குளத்துக்குக் காற்று

இரவு இரண்டு மணி. குளத்தை ஒட்டிய மண் சாலை. முன்னும் பின்னும் ஈ காக்கை இல்லை...

டார்ச்சை என் மூஞ்சியில் அடிக்காதே. கரண்ட் வரும்வரை கதை சொல்லு என்று பிடுங்கி எடுத்தது நீங்கள். கேட்கிறவன் கேட்கலாம், இளிக்கிறவன் எழுந்து போகலாம்.

அந்தச் சாலையில் பைக்கில் வந்தவன் என் நண்பனின் தம்பி. நூல் ஆலையில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் வீட்டுக் கொல்லையில் ஒரு மீன் குளம். அதன் அடித்தரைக்குக் குழாய் விட்டுக் காற்று மோட்டார் மாட்டிக் கொடுத்தவன் நான்தான். அதனால் அந்த வீட்டுக் கதை எனக்கு அத்துப்படி.

மாமனார் குளத்தைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தார். பாசியை ஒரேயடியாக வாரமாட்டார், பாதியை எடுத்துப் பாதியை விடுவார். தீனி மிதந்தால் அடுத்த வேளை போடமாட்டார். பொழுது சாய்ந்ததும் மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் படுப்பார். வெயிலில் பாசி தண்ணீருக்குக் காற்றைக் கொடுக்கும். இருட்டியதும் அதுவே மீனோடு போட்டி போட்டுக் காற்றை இழுத்துக்கொள்ளும். அப்போது மோட்டார் ஓடாவிட்டால், மீன் மூச்சு முட்டி மேலே வந்து வாயைத் திறக்கும். பொளக்... பொளக்... அந்தச் சத்தம் கேட்டால் குளம் சாகப்போகிறது என்று அர்த்தம்.

மாப்பிள்ளைக்கு அந்த மோட்டாரே ஆகாது. அவன் படுக்கிற ஜன்னலுக்கு நேரே மோட்டார் அறை.

"இந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கமே வரல. பகல்ல போட்டுத் தொலைங்களேன்!"

"பகல்ல குளம் தானா மூச்சு விட்டுக்கும் மாப்பிள்ளை. ராத்திரிதான் நாம குடுக்கணும். தூக்கம் வரலேன்னா காதுல பஞ்ச வைங்க."

ஒரே உறைக்குள் இரண்டு கத்தி. நடுவில் ஒருத்தி, இவருக்கு மகளாகவும் அவனுக்குப் பெண்டாட்டியாகவும் இருந்து நொந்து நூலானாள்.

ஒருநாள் வாய்ச்சண்டை முற்றிப்போனது. அன்று இரவு மாமனார் தூங்கிய பிறகு, இவன் மோட்டாரை நிறுத்தி, அறையைப் பூட்டி, சாவியோடு வந்து படுத்துவிட்டான். விடியும் முன் குளத்தில் பொளக், பொளக். கிழவர் எழுந்து ஓடியிருக்கிறார். அவருக்கு மூச்சிழுப்பு நோய் வேறு. பூட்டைப் பிடித்து ஆட்டுகிற சத்தம்... அப்புறம் இருமல்... அப்புறம் நீளமாக ஒரு இழுப்பு...

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இவன் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான். எழவில்லை. பாவி, எழவே இல்லை! பின்னால் தன் அண்ணனிடம் இதைச் சொல்லி அழுதானாம். அழுது என்ன பிரயோஜனம்?

காலையில் மீன்கள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. கரையில் மாமனார் குப்புறக் கிடந்தார். முகம் தண்ணீருக்குள். வாய் திறந்தபடி.

"மோட்டார் ரூமை மாமாவே பூட்டிட்டாரு போல, சாவியக் காணோம். தேடாத இடமில்ல," என்று சாவு வீட்டில் எல்லோரிடமும் சொன்னான் மாப்பிள்ளை. எல்லோரும் நம்பினோம். நானும்தான்.

"பூட்டை உடைச்சாவது மோட்டாரைப் போடுங்க. அப்பா பார்த்த குளம்," என்று அவள் கெஞ்சினாள்.

"செத்த குளத்துக்கு எதுக்குடி காத்து?"

மீனை அள்ளிப் புதைத்தாயிற்று. தண்ணீர் கறுத்து நாறத் தொடங்கியது. இப்போது அந்த இரண்டு மணிக்கு வாருங்கள். ராத்திரி ஷிஃப்ட்டில் உடம்பு சரியில்லை என்று பாதியிலேயே கிளம்பி வருகிறான். குளத்துக்கு அருகில் பைக் தானாக நின்றது. உதைத்தான், உதைத்தான்... கிளம்பவில்லை. நிசப்தம்.

பொளக்.

மீனே இல்லாத குளம்.

பொளக்... பொளக்...

அழுகிய சேற்று நாற்றம் குப்பென்று அடித்தது. அதற்குள்ளே இன்னொரு வாசனை. மாமனார் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம். போனில் வெளிச்சம் போட்டுக் குளத்தைப் பார்த்தான். கறுப்புத் தண்ணீரின் மேல் ஒரே ஒரு வாய். திறந்து... மூடி... திறந்து... சுற்றிலும் நரைத்த தாடி மயிர்.

அந்த வாய் மூடியது. இவனுக்கு மூச்சு நின்றது.

கத்தப் பார்த்தான், காற்று வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மோட்டார் அறைக்குத் தவழ்ந்தே போனான். பர்ஸின் உள்மடிப்பில் கையை விட்டு, சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து சுவிட்சைத் தட்டினான். மோட்டார் உறுமியது. குளத்தில் குமிழி கிளம்பியது. இவனுக்கும் மூச்சு வந்தது.

நிமிர்ந்தால், கொல்லைக் கதவருகே அவள். அவனைப் பார்க்கவில்லை. பூட்டில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். வந்து சாவியை உருவி, உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றிலிருந்து அவன் பிழைப்பு இப்படித்தான். மோட்டார் ஓடினால் மூச்சு. நின்றால் தொண்டை அடைக்கும். டாக்டர்கள் நுரையீரலில் ஒரு கோளாறும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறது என்கிறார்கள். மோட்டார் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போனால் முகம் நீலம் பாரிக்கிறது. வேலையும் போயிற்று. மோட்டார் அறை வாசலிலேயே பாய் போட்டுக் கிடக்கிறான். எந்தச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்றானோ, அதைக் கேட்டுக்கொண்டே.

"இந்த மாதிரி கரண்ட் போனா என்னண்ணே பண்ணுவாரு?"

உருப்படியாக ஒரு கேள்வி கேட்டாய். பாட்டரி மாட்டிக் கொடுத்திருக்கிறேன். இரு, ஓடுகிறதா என்று கேட்டுவிடலாம். அவள் எடுப்பாள். ஸ்பீக்கரில் போடுகிறேன், எவனும் மூச்சு விடக்கூடாது.

"அண்ணா?"

"என்னம்மா, இங்க கரண்ட் போச்சு. அங்க பாட்டரி ஓடுதா?"

"இங்க கரண்ட் இருக்குண்ணா."

"அப்படியா... மோட்டார் சத்தமே கேக்கலயேம்மா?"

அவள் நிதானமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

"நான்தான் நிறுத்திப் பூட்டினேன். அந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கமே வரலண்ணா."

போனை அவள் வைக்கவில்லை. தூரத்தில் யாரோ பூட்டைப் பிடித்து ஆட்டினார்கள். ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். அது நின்றது.

அப்புறம்... பொளக். பொளக்.