ஒரு வள்ளம், மூன்று வெளிச்சம்

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் காலை பஸ்ஸில், அரைத்தூக்கத்தில் இருந்தேன். முன் சீற்றில் இரண்டு பெண்கள். ஒருத்தி தான் எடுத்த பால்வீதிப் படத்தைப் போனில் மற்றவளுக்குக் காட்டினாள்.

“இதிலை கடலுக்கை அப்பா மூண்டு இடத்திலை நிக்கிறார்.”

“எப்பிடியடி?”

“பெரிய லென்ஸிலை முழு வானமும் ஒண்டா அடங்காது, துண்டு துண்டா எடுத்து ஒட்டினது. நான் கமராவைத் திருப்பத் திருப்ப அப்பான்ரை வள்ளமும் நான் திருப்பின பக்கமாவே கரைக்கு வந்திட்டுது. மூண்டு துண்டிலையும் அதின்ரை லைற் விழுந்திட்டுது.”

“ரெண்டை அழிச்சுவிடன்.”

“எதை வைச்சிருக்கிறது? தூரத்திலை நிக்கிறதை வைச்சிருக்கட்டாம் அப்பா. அங்கைதான் மீன் பட்டதாம்.”

“அம்மா?”

“அவ வானத்தைப் பாக்கவேயில்லை. கரைக்குக் கிட்ட நிக்கிற வெளிச்சத்திலை விரலை வைச்சவ, எடுக்கேல்லை.”