துடைத்துவிட்ட நிலா

விழாவுக்குத் தலைமையேற்று, இவனை எப்போது உட்காரச் சொல்லலாம் என்று கடிகாரம் பார்க்கும் படக்கடை முதலாளியம்மா அவர்களே! வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி கண்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! முதல் வரிசையில் இப்போதே முறைக்கத் தொடங்கிவிட்ட என் மனைவியே! வணக்கம்.

நம் வான்நோக்கர் மன்றத்தின் பதாகை என் முதுகுக்குப் பின்னே தொங்குகிறது. அதிலுள்ள நிலாவைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருக்கிறதா? எங்கே மழைக்கடல்? எங்கே அமைதிக்கடல்? எங்கே அந்தக் கன்னங்கரிய சமவெளிகள்? அத்தனையையும் துடைத்தவன் வேறு யாருமல்ல, என் மனைவியின் தம்பி! தலைவர் அம்மாவின் படக்கடையில் கணினியில் புகைப்படங்களுக்கு மெருகேற்றுபவன். கல்யாணப் பெண்ணுக்குப் பருவை எடுப்பதுபோல் நிலாவுக்கும் எடுத்துவிட்டான்.

யாரது சிரிப்பது? சிரியுங்கள் ஐயா, காசா பணமா! ஆனால் அவன் பின்கட்டில் அழுதுகொண்டிருக்கிறான். பதாகையை விரித்ததுமே, நாளை முதல் கடைக்கு வரவேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் பேச வரவில்லை, மச்சானுக்காக வாதாட வந்திருக்கிறேன்.

அவன் துடைத்தது எதை? விண்கற்கள் வந்து மோதின. நிலா பள்ளம் பள்ளமாய்ப் பெயர்ந்தது. பின்பு உள்ளிருந்து உருகிய பாறைக்குழம்பு பொங்கியது, பள்ளத்தில் பாய்ந்தது, பரவியது, ஆறியது, கரும்பாறையாய் இறுகியது. அடிபட்ட இடத்தையே அடையாளமாய் ஏந்திக்கொண்டு வானத்தில் வலம் வருகிறதே, அதுவல்லவா நிலா! அதைத் தொலைநோக்கியில் கண்ட பெரிய பெரிய அறிஞர்கள் கடல் என்றார்கள். அங்கே அலை உண்டா? ஓடம் உண்டா? பாறையைக் கடல் என்றவர்களை வேலையை விட்டு நிறுத்தினோமா? அவர்கள் வைத்த பெயரையல்லவா இன்றும் சொல்கிறோம்! என் மச்சான் மட்டும் என்ன பாவம் செய்தான்?

ஏனடா இப்படிச் செய்தாய் என்று அவனையே கேட்டேன். "எந்த முகத்துலயும் ஒரு புள்ளி தெரியக்கூடாதுன்னு அம்மா முதல் நாளே சொன்னாங்க மாமா. நிலாவும் முகம்தானேன்னு நெனச்சேன்" என்றான்.

தாய்மார்களே, அழைப்பிதழில் அம்மாவின் படத்தைப் பாருங்கள். அதற்கும் அவன்தான் மெருகேற்றினான். இப்போது மேடையில் அம்மாவைப் பாருங்கள். இதற்குமேல் பேசினால் என் மனைவியே என்னை இறக்கிவிடுவாள்.

என்ன அம்மா? ஒலிவாங்கியா? இந்தாருங்கள்.

அம்மா ஒலிவாங்கியைத் தள்ளிப் பிடித்துப் பேசியதால் கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது, நானே சொல்கிறேன். அம்மா தம் கன்னத்துத் தழும்பைத் தொட்டுக்கொண்டு சொன்னார்கள்: "கொதிக்கிற எண்ணெய் தெறிச்சப்போ நான் சின்னப் பொண்ணு. அப்போலேருந்து ஒரு படத்துலயும் இது இருந்ததில்லை. நாளைக்கு அவனை வரச் சொல்லுங்க. நிலாவுக்கு எடுத்ததைத் திருப்பி வைக்கட்டும். எனக்கும்."

அம்மாவுக்கு நன்றி. அடுப்பை அணைக்காதவர்கள் ஓடலாம். என் மனைவி சிரிக்கிறாள், அந்தத் தைரியத்தில் நானும் இறங்குகிறேன். வணக்கம்!