படுத்துப் பாருங்க

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்த எழுந்திருக்க வேண்டாம்... சாத்தினால் மட்டும் என்ன?

மத்தியானம் இரண்டு மணி. கடைத்தெருவில் ஈ காக்கை இல்லை. ஷட்டர்களைப் பாதி இறக்கிவிட்டுத் தெருவே கண் செருகிக் கிடந்தது. அந்த வெயிலில் ஒருவர் மட்டும் வேகுவேகென்று நடந்துகொண்டிருந்தார். என் கூட்டாளியின் சித்தப்பா. மெத்தைக்கடைக்காரர். ஊருக்கெல்லாம் தூக்கம் விற்கிற மனுஷன், சில நாளாகக் கண்ணை மூடவே பயந்தார்.

மூடினால் அதே கனவு. வீட்டு வாசல்கதவு. வெளியே யாரோ தட்டுகிறார்கள். விரல் முட்டியால் அல்ல... உள்ளங்கையால். பொத்... பொத்... மெத்தையைத் தட்டிப் பார்ப்பதுபோல. பிறகு ஒரு குரல்: "உன் மகளைத் தொட வந்திருக்கிறேன்."

மகளுக்கோ விடாத காய்ச்சல். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, வாடிய கீரையாகக் கிடந்தாள். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தொட்டுக் குணமாக்க ஆண்டவரே வாசலில் நிற்கிறாரா? அப்படியானால் திறக்காதவன் பாவி. வேறு யாராவது என்றால்? திறந்தவன் அதைவிடப் பாவி.

அவர் போய்ச் சேர்ந்தபோது பாஸ்டர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"கனவுல வர்றது யாருன்னு எப்படிப் பாஸ்டர் கண்டுபிடிக்கிறது?"

"மெத்தை வாங்க வர்றவன் உறையைப் பாத்தே மயங்கிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"விலையை ஏத்திச் சொல்வேன்."

பாஸ்டருக்குப் புரையேறிவிட்டது. "சாத்தானும் அதைத்தான்யா பண்ணுவான்! உறையெல்லாம் வெள்ளை வெளேர்னுதான் போட்டு வருவான். இங்க பாருங்க, கனவுல பாதி வயித்துக் கோளாறு. மீதியில முக்கால்வாசி நம்ம ஆசை. ஆண்டவர் கனவுல பேசுறதும் உண்டு, இல்லேங்கல. ஆனா சோதிச்சுப் பாத்தா அவர் கோவிச்சுக்க மாட்டார். சந்தேகப்பட்ட சீஷனுக்கே கையைக் காட்டினவர். நீங்களும் அதையே கேளுங்க. 'கையைக் காட்டுங்க.' சிலுவையில அடிச்ச ஆணித் தழும்பு இருந்தா கதவைத் திறங்க. இல்லேன்னா வாயையே திறக்காதீங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பழக்கதோஷத்துல பேரம் கீரம் பேசிடாதீங்க."

வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கையைக் காட்டுங்க... கையைக் காட்டுங்க... வீட்டில் மனைவி மகளின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். இவர் முன்னறை நாற்காலியில் சாய்ந்தார். நெளிந்தார். கால் மாற்றிப் போட்டார். எப்போது கண் செருகியதென்று தெரியாது.

பொத்... பொத்...

இந்த முறை வாடையும் வந்தது. நனைந்து, வெயில் காட்டாமல், உள்ளுக்குள்ளேயே புழுங்கிப்போன பஞ்சு. எந்த மெத்தைக்காரரும் கடைக்குள் சேர்க்காத வாடை. கேட்டுவிட வேண்டியதுதான் என்று வாயெடுத்தார். ஆனால்... காலமெல்லாம் கடைவாசலில் பழகிய நாக்கு. வாசலில் நிழல் தட்டினால் போதும், தானாகப் புரளும்.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க! சும்மா படுத்துப் பாருங்க!"

கதவு திறக்கவில்லை. தட்டல் மட்டும் நின்றது.

"என்னங்க..." மனைவி உலுக்கினாள். "தூக்கத்துலயும் வியாபாரமா? தெருவுக்கே கேக்குது! எழுந்து வந்து பாருங்க, பாப்பாவுக்கு வேர்த்துக் கொட்டுது. காய்ச்சல் விட்டுடுச்சுங்க!"

ஓடினார். நெற்றி ஜில்லென்றிருந்தது. மகள் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று விசும்பியபடி மனைவி பால் காய்ச்சப் போனாள். அவருக்கும் அழுகை முட்டியது... பாதியில் நின்றது.

மகள் சுவரோடு ஒட்டி, ஒண்டிப் படுத்திருந்தாள். பக்கத்தில் மெத்தை அமுங்கியிருந்தது. நீளமாக. அவரே பார்த்துப் பார்த்துச் செய்த மெத்தை. ஆள் எழுந்த மறுகணம் மேலே வந்துவிடும். காத்திருந்தார். வரவில்லை.

அதே வாடை.

"இந்தப் பக்கம் நீ படுத்திருந்தியாம்மா?"

"இல்லப்பா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க என்னமோ கேக்க மறந்துட்டீங்களாமே?"

அவர் ஓரடி பின்வாங்கினார்.

"கையைத்தானே பாக்கணும்? கிட்ட வரச் சொல்றாருப்பா."

போர்வையின் அந்தப் பக்க ஓரம்... மெல்ல உயர்ந்தது.