இடுப்பு முந்தணுமாம்

…இடுப்பு மொதல்ல திரும்பணுமாம் தங்கச்சி, தோள் அப்புறமாம், கை அதுக்கும் அப்புறமாம், மணிக்கட்டு கடேசியாம்! எலுமிச்சம்பழம் சைஸு பந்து லா அது. அதத் தட்ட உடம்புக்குள்ள ஒரு ரத ஊர்வலமே நடக்கணுமாம்!

உக்காருங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், காலு ஆடும். முட்டியா உங்களுக்கு? ஐயோ பாவம். இந்த பிசியோ பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா உள்ள போன ஆளு லேசுல வெளிய வராது. எங்க வீட்டுக்காரரு இப்பத்தான் போனாரு. ஆமா, கால்ஃப்தான், வேறென்ன? மக ஷர்மினிக்கு நல்லபடியா புள்ள பொறந்தா பால்குடம் எடுத்து மலையேறுறேன்னு நேந்திருந்தேன். பொறந்துருச்சு, ராசா மாதிரி. தைப்பூசம் கிட்ட வந்துருச்சு. இந்த நேரத்துல ஒரு கால்ஃப் கட்டையால இங்க வந்து உக்காந்திருக்கோம் பாருங்க!

அவரு பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரில கியூசியா இருந்தவரு. ஆயுசு பூரா அடுத்தவன் செஞ்ச சாமான்ல குத்தம் கண்டுபுடிக்கிறதுதான் வேல. ரிடையர் ஆனாரு, குத்தம் கண்டுபுடிக்க நான் ஒருத்திதான் மிச்சம். சாம்பார்ல உப்பு, ஜன்னல்ல தூசி… "வெளிய போயி எதாச்சும் வெளையாடுங்களேன்"னு நாந்தான் வாயக் குடுத்தேன். மத்த ஆம்பளைங்க பேட்மிண்டன் ஆடுவாங்க, நடப்பாங்க. நம்ம தொர பழைய கால்ஃப் கட்டைய பை நெறையத் தூக்கிட்டு வந்தாரு. டத்தோ கிராமாட்ல எங்க வீட்டு ஹால்ல சோபாவ நவுத்துனாத்தான் ஒழுங்கா கோலம் போடலாம். அங்க கட்டைய வீசிப் பழகுறாரு, சுவிங்காம்!

ஆடுனமா வந்தமான்னு இருந்தாலும் பரவால்ல. யூடியூப் பாத்துப் பாத்து விஞ்ஞானி ஆயிட்டாரு. பசியாற ரொட்டி வெச்சா, ரொட்டியப் பாக்காம "லெட்சு, பலம் கையில இல்ல, தரையில இருக்கு. கால் தரைய அழுத்துனா தரை திருப்பித் தள்ளும்"ங்கறாரு. நானும் பொறந்ததுலருந்து தரையிலதான் நிக்கிறேன், என்னைய அது ஒரு நாளும் தள்ளுனதில்ல! அப்புறம் சாட்டைக் கதை. சாட்டையோட பிடி நின்னாத்தான் நுனி பறக்குமாம். அதே மாதிரி இடுப்பு வேகம் கொறையும்போது தோள் ஓடுமாம், தோள் கொறையும்போது கை ஓடுமாம், ஒண்ணுகிட்டருந்து ஒண்ணு வேகத்த வாங்கிக் கடேசில கட்டை பறக்குமாம். "எல்லாம் பறக்குது, உங்க பந்து ஏங்க பறக்க மாட்டேங்குது?"ன்னேன். மூஞ்சப் பாக்கணுமே!

ஒரு நாள் பந்தடிச்சுப் பழகுற ரேஞ்சுக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாரு. இடுப்பு போச்சு, தோள் போச்சு, கை போச்சு. பந்து மட்டும் வெச்ச எடத்துல சாமியாட்டம் உக்காந்திருக்கு! பக்கத்துல நின்ன சீன அங்கிள் இருமுற மாதிரி சிரிச்சாரு. நான் எதுக்கு இருமணும்? நல்லாவே சிரிச்சேன். ஷர்மினிக்குப் போன் போட்டும் சிரிச்சேன், கோயில்ல பாத்தவங்ககிட்டயெல்லாம் சொல்லியும் சிரிச்சேன்.

இன்னொரு பொல்லாத வியாதி, போன்ல வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாக்குறது. "இங்க பாரு லெட்சு, இடுப்பு திரும்பாம தோள் கெளம்பிருச்சுன்னா திருகல் பூரா கீழ் முதுகுல விழுது. கீழ் முதுகு அவ்வளவா திரும்பாது, அது அந்த வேலைக்குப் படைச்சதில்ல"ன்னு பாடம். யாருக்கு? கெழங்கு உரிச்சிட்டு இருக்கறவளுக்கு!

தங்கச்சி, நான் யாருன்னு நெனச்சீங்க? எங்க ரோட்டுல ரதம் வரும்போது தேங்கா குமிச்சு வெச்சு ஒடைப்பாங்கல்ல? அங்க ஆம்பளைங்களே ரெண்டாந்தரம் போடுவாங்க. நான் போட்டா ஒரே போடு, செதறிப்போவும். எனக்கு எவன் இடுப்பு சொல்லிக் குடுத்தான்? அந்தத் திமிருலதான் போன வாரம் அவரு கைலருந்து கட்டையப் புடுங்குனேன். "தள்ளுங்க, நான் காட்டுறேன்." தேங்காய்க்கு நிக்கிற மாதிரியே கால நல்லா ஊணி, இடுப்ப இம்மி அசைக்காம, இருந்த பலத்தையெல்லாம் கைல குடுத்து ஒரு வீசு…

படக்குன்னு சத்தம். பந்துலருந்து வரல.

ஆமா… நாந்தான் பேஷண்டு. அவரு முன்னாடி போயிருக்கறது பிசியோ பொண்ணுகிட்ட வீடியோ காட்ட. அதையும் எடுத்து வெச்சிருக்காரு மனுஷன்!

சிரிங்க, பரவால்ல. ஆனா பால்குடம் போச்சே தங்கச்சி. குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல, குடத்தத் தலைல வெச்சு அத்தன படி ஏறுவனா? முருகன்கிட்டப் போயி கால்ஃப் ஆடுனேன்னு சொல்லவா? இன்னைக்குக் காலைல கதவத் தொறக்குறேன், வாசப்படில அவரு. வெறுங்கால்ல, தலைல ஒரு குடம் தண்ணி, ஏறுறாரு, எறங்குறாரு. "உன் நேர்த்திய நான் முடிக்கிறேன் லெட்சு"ன்னாரு. சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு.

ஊரக் கூட்டி அவரப் பாத்துச் சிரிச்சேன். நான் சுருண்டு விழுந்தப்ப அவரு சிரிக்கல. ஒரு வார்த்த குத்திக் காட்டியிருந்தாகூட நாலு வார்த்த திருப்பிக் குடுத்து நிம்மதியாயிருப்பேன். இப்புடிக் குடத்தத் தூக்குறாரே… எனக்குத் தாங்கல தங்கச்சி.

ஆங், கூப்புடுறாங்க. ஜெயலெட்சுமி, நாந்தான். ஐயோ, நீங்க எந்திரிக்காதீங்க, முட்டிய வெச்சுக்கிட்டு. அவரே வர்றாரு. என்னங்க, மெதுவா… மெதுவா இழுங்க. எப்புடி எந்திரிக்கணும்? சொல்லுங்க. சொல்லுங்களேன், கேக்குறேன்.