அந்த வீட்டுக்கு ஏற்ற பம்ப்

கழிவுநீர்ப் பம்ப் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, நாற்றம் வருமா என்பதைத்தான். பல் மருத்துவர் கேட்டிருக்கிறார். உணவகம் நடத்துகிறவர் கேட்டிருக்கிறார். புது வீட்டுக்குக் குடிபோகிற தம்பதி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நீ கேள், நீ கேள் என்று கண்ணாலேயே சண்டை போட்டுவிட்டுக் கடைசியில் கேட்டிருக்கிறார்கள். மூடியைச் சரியாக மூடினால் வராது என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். அதோடு பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். தெருவில் போகும் பெரிய சாக்கடைக் குழாயைவிட வீடு தாழ்வாக இருந்தால் கழிவுநீர் தானாக ஓடிப்போய் அதில் சேராது. குழி ஒன்றில் தேக்கி, பம்ப் வைத்து மேலே தள்ளவேண்டும். குழி, பம்ப், நீர் ஏறினால் அடிக்கிற அலார மணி, எல்லாம் சேர்ந்ததைத்தான் பம்ப் நிலையம் என்கிறோம். வீடோ கடையோ, எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று தேர்ந்து சொல்கிறவன் நான்.

எத்தனை பேர் புழங்குகிறார்கள், எவ்வளவு உயரம் தள்ளவேண்டும், தண்ணீரோடு வேறு என்னென்ன வரும் என்பதையெல்லாம் எந்த விற்பனையாளரும் கேட்பார். நான் கூடுதலாக ஒன்றைக் கவனிப்பேன். நிற்காத பம்ப் என்று உலகத்தில் கிடையாது. நிற்கும் நாளில் அந்த வீட்டு ஆள் என்ன செய்வார்? போன் செய்துவிட்டுக் காத்திருப்பாரா? பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாரா? தானே கையை விடுவாரா? ஆளைப் பார்த்துத்தான் இயந்திரம். எங்கள் முதலாளி புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி இதைச் சொல்வார்.

உங்கள் அலுவலகத்துக்கு அடியிலும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். இப்போது மேசை லேசாக அதிர்ந்ததே, அதுதான். தள்ளிய தண்ணீர் திரும்பி இறங்காமல் குழாய்க்குள் ஒரு தடுப்பு டப்பென்று மூடும். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒரு மௌனம். பம்ப் ஓடும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த மௌனத்தில்தான் ஒரு குரல் கேட்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

அக்காதான் என்னை வளர்த்தாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்கா சலவைக்கடையில் இஸ்திரி போட்டு என்னைப் படிக்க வைத்தாள். நான் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். சமையலறையை ஒட்டிய சின்ன மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்றைக்கு எந்தக் குழியைப் பார்த்தேன், என்ன அடைத்திருந்தது என்று சொல்வேன். சாப்பிடும்போது பேசுகிற பேச்சா இது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். குழியின் காற்று ஆளை எப்படிக் கொல்லும் என்பது அவளுக்கு மனப்பாடம். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குகிறவரும் திரும்புவதில்லை என்று நான் சொல்லும்போதெல்லாம், "பாவம்டா, பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா நிக்கிறது?" என்பாள்.

இனி அவளுக்குக் கல்யாணம் இல்லை என்று நாங்கள் இருவருமே முடிவு செய்திருந்தோம். குறைந்தது நான் செய்திருந்தேன். அப்போதுதான், தான் வேலை செய்த சலவைக்கடையின் உரிமையாளரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காது சிவந்திருந்தது.

அத்தான் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். எழுதும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆள் ஆஜானுபாகு. துணிமூட்டையை வேலையாள் தூக்க வருவதற்குள் தானே தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். இயந்திரம் மக்கர் செய்தால் மெக்கானிக் வரும்வரை பொறுக்காமல் கழற்றிப் பரப்பிவிடுவார். என்னைப் பார்த்ததும், "வாங்க குழி டாக்டர்! இன்னிக்கு எத்தனை நோயாளி?" என்பார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

கல்யாணத்துக்குப் பிறகு வாரம் தவறாமல் வந்து எனக்குச் சமைத்துக் கொடுத்து, கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். பிறகு தவற ஆரம்பித்தது. ஒருநாள் நான் ஒரு பள்ளிக்கூடத்துக் குழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்துவிட்டாள்.

"நேரமாச்சுடா தம்பி. நான் போகாம அவரு சாப்பிட மாட்டாரு. காத்துக்கிட்டு இருப்பாரு."

நான் கோபப்படவில்லை. கதவுவரை போய் வழியனுப்பினேன். அவள் தட்டில் மீதி இருந்ததை வழித்துப் போட்டுவிட்டு இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்தேன். அவள் வாழ்க்கையில் ஏதோ தவறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, அதைச் சரிசெய்யவேண்டும் என்று அப்போது தோன்றியது. அவ்வளவுதான். அடைப்பைப் பார்த்தால் எடுக்கவேண்டும் என்று தோன்றுவது போல.

அந்த மழைக்காலத்தில் சலவைக்கடைக்குள் சாக்கடை ஏறியது. கடை தெருவைவிடத் தாழ்வு. மேலே இரண்டு குடித்தனங்கள். எல்லோருடைய கழிவும் பின்கட்டில் இருந்த பழைய குழியில்தான் விழுந்தது. குழாயில் கழிவு எதிர்த்து ஏறியதில் வெளுத்து வைத்த துணியெல்லாம் நாசம். அத்தான் யாரோ ஒரு பம்ப் கடைக்காரரைக் கூப்பிடலாம் என்றிருக்கிறார். அக்கா விடவில்லை.

"என் தம்பி இருக்கும்போது வெளி ஆள் எதுக்கு? இதுல அவனைவிட யாருக்குத் தெரியும்?"

நான் போய்ப் பார்த்தேன். சலவைக்கடைக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தண்ணீரோடு நூலும் பஞ்சும் வரும். அதை நறுக்கித் தள்ளுகிற பிளேடு வேண்டும். ஒன்று நின்றால் இன்னொன்று ஓட இரண்டு பம்ப் வேண்டும். முக்கியமாக, அடைத்துக்கொண்டால் மேலே நின்றபடியே சங்கிலியால் இழுத்து வெளியே எடுக்கும்படி இருக்கவேண்டும். ஆள் இறங்கவே கூடாது.

நான் தேர்ந்தது ஒற்றைப் பம்ப். பிளேடு இல்லாதது. பழைய குழியின் அடித்தரையில் போல்ட் போட்டு முடுக்குவது. சுவரில் ஏற்கெனவே இரும்புப் படிகள் இருந்தன. குழி நன்றாக இருக்கிறது, எதற்கு இடிக்கவேண்டும் என்று சொன்னேன். எங்கள் மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"சார், சலவைக்கடையாச்சே. பஞ்சு வந்து சுத்திக்காதா?"

"வடிகட்டி வெச்சுக்குவாங்க. நீங்க மாட்டுங்க."

அவர் மாட்டினார். அவர்மேல் தவறில்லை. இப்போது அவர் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாராம்.

தவறுதலாகத் தேர்ந்துவிட்டீர்களா என்று நேற்று உங்கள் உதவியாளர் கேட்டார். எனக்கு ஒரு சாக்கு எடுத்துக் கொடுக்கிறார் என்று புரிந்தது. நல்ல மனிதர். ஆனால் நான் என் வேலையில் தவறியதில்லை.

அலாரம் வைக்காமல் விட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வைத்தேன். இருப்பதிலேயே சத்தமானதைத் தேடி, துணி வாங்கிக் கொடுக்கிற இடத்துக்கு நேர் மேலே மாட்டச் சொன்னேன். வாடிக்கையாளர் காதைப் பொத்திக்கொள்ள, மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தால், அத்தானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. அது எனக்குத் தெரியும்.

எச்சரிக்கையும் செய்தேன். எல்லா வாடிக்கையாளருக்கும் செய்வேன். மூடியைத் திறந்து நாறினால் பயப்படாதீர்கள், நாற்றம் சட்டென்று நின்றுபோனால் பயப்படுங்கள், அந்தக் காற்று முதலில் மூக்கைத்தான் கொல்லும் என்பேன். அத்தானுக்கும் இதையேதான் சொன்னேன். சொன்ன விதம் வேறு. அக்கா உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, குழியோரம் நின்று சொன்னேன்.

"அடைச்சுக்கிட்டா என்னைக் கூப்பிடுங்க அத்தான். நீங்க இறங்கிடாதீங்க. அதுக்கெல்லாம் பழக்கம் வேணும். எல்லாராலயும் முடியாது."

"அப்படி என்ன இருக்கு உள்ளே? நாத்தம்தானே?"

"ஆமா. முதல்ல குமட்டும். கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டா போதும், அப்புறம் நாத்தமே தெரியாது. ஆனா உங்களுக்கு வேண்டாம்."

அவர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. நீங்கள் எந்த நிபுணரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அதன் பிறகு நான் எதுவும் செய்யவில்லை. காத்திருந்தேன். காத்திருந்த நாட்களில் அத்தானோடு நன்றாகவே பழகினேன். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்தான் தோளில் சாய்த்து மருத்துவரிடம் கூட்டிப்போனார். வழியெல்லாம், "டாக்டருக்கே டாக்டரா" என்று கிண்டல். சிரித்துவிட்டேன். பம்பை மாற்றிவிடலாமா என்று அன்றைக்கு நினைக்கத்தான் செய்தேன். ஆனால் காய்ச்சல் விட்டதும் அக்கா கிளம்பிவிட்டாள். அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி, அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு போனாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

பம்ப் நின்ற அன்று மத்தியானம் என் முன்னால் ஒரு ரொட்டிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அக்கா போன் செய்தாள். பின்னணியில் மணி அலறிக்கொண்டிருந்தது.

"தம்பி, குழி நிரம்புதுடா. மணி நிக்க மாட்டேங்குது. நீ வாயேன்."

"வரேன்கா. போனை அத்தான்கிட்ட குடு. நீ முதல்ல மாடிக்குப் போய் ரெண்டு வீட்டுலயும் தண்ணி விட வேண்டாம்னு சொல்லிட்டு வா."

அடைப்பு வந்தால் முதலில் செய்யவேண்டிய காரியம் அதுதான். அவள் போய்விட்டாள் என்று தெரிந்த பிறகு அத்தானிடம் பேசினேன்.

"நான் வர்ற வரைக்கும் கைய வைக்காதீங்க அத்தான். உங்களால ஆகாது. விட்டுடுங்க."

"ஓஹோ. பார்க்கலாம், பார்க்கலாம்," என்றார். சிரிப்பு கேட்டது. போன் வைக்கப்பட்டது.

நான் ரொட்டிக்கடைக்காரரிடம் திரும்பினேன். மாவும் எண்ணெயும் குழாயில் எப்படி இறுகும் என்று விளக்கினேன். இரட்டைப் பம்ப், சங்கிலியால் தூக்குகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்து கொடுத்தேன். ஆள் இறங்கவே தேவையில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பையன்கள் துறுதுறுப்பானவர்கள் என்று சொல்லியிருந்தார். குழிக்குப் பூட்டும் சேர்த்துக் கொடுத்தேன். அவசரமே காட்டவில்லை. பிறகு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மாடிவீட்டு அம்மாள் உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். அக்கா மூச்சு வாங்க மேலே வந்தாளாம். குழாயை மூடச் சொன்னாளாம். "ஒண்ணும் பயமில்லை, தம்பி வந்துட்டு இருக்கான்" என்றாளாம். பம்ப் நின்று, தடுப்பு மூடி, அந்த மௌனம் வருகிறதே, அதில் எனக்குக் கேட்பது இதுதான். தம்பி வந்துட்டு இருக்கான். என் வீட்டுக் கழுவுதொட்டியிலிருந்து கேட்கிறது. இங்கே தரைக்கு அடியிலிருந்து கேட்கிறது. குறை சொல்கிற குரல் இல்லை. நம்பிக்கையான குரல். அதனால்தான் தூங்க முடிவதில்லை.

நான் போனபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. துவைக்கும் இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பின்கட்டில் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒருவர்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு குனிந்தேன். அத்தான் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். அக்காவின் இரண்டு கைகளும் அவர் அக்குளுக்குள் போய், மார்பின் மேல் கோத்திருந்தன. பின்னாலிருந்து தூக்க முயல்கிறவர்கள் பிடிப்பது போல. தீயணைப்புக்காரர்கள் அந்த விரல்களைப் பிரிக்க வெகுநேரம் ஆனது.

ஆக, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதுதான். அத்தான் அந்தக் குழியில் இறங்கவேண்டும் என்றுதான் அந்தப் பம்பைத் தேர்ந்தேன். அவர் இறங்குவார் என்று தெரிந்துதான் போனில் அப்படிப் பேசினேன். அவரை நான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா விஷயத்தில் மட்டும் நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. தெரிந்தே இறங்கினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். அவளுக்கு எல்லாம் தெரியும், நானே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தவள் இறங்குவாளா? நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்காக என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போவாளா? குழியோரம் அவள் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது, முகத்தில் ஈரத்துண்டு கட்டியிருந்தது என்கிறீர்கள். நானும் பார்த்தேன். அவள் எப்போதும் நிதானமானவள். ஈரத்தரையில் வழுக்கும் என்றுதான் செருப்பைக் கழற்றியிருக்கிறாள். அப்படியும் வழுக்கிவிட்டது.