கையெழுத்திட மறுத்த கண்காணிப்பாளர் அம்மையாருக்கு

வாக்குக்கு வேலியே! வம்புக்கு வளையாத வைரமே! தேர்தல் அலுவலகத்தின் மூலை மேசையில் முப்பத்தோராண்டுகள் வீற்றிருந்து, "இன்னொரு தடவை எண்ணுங்க" என்ற ஒற்றை வாக்கியத்தால் எங்கள் மாலைப்பொழுதுகளை மாய்த்த மாதரசியே! முதுகுக்குப் பின்னால் தங்களை 'இன்னொரு தடவை அம்மா' என்றே அழைத்துவந்தோம். அது தங்களுக்குத் தெரியாதென்று நம்பியிருந்தோம். தெரியும் என்பதைத் தங்கள் கணவர் போன வாரம் போட்டு உடைத்துவிட்டார்.

தங்கள் பொறுமையையும் நேர்மையையும் நீட்டி முழக்க ஆசைதான். ஆயினும் அடுத்த பிரிவுக்காரர்கள் இன்றும் எங்களிடம் துருவித் துருவிக் கேட்பது அந்த ஒரு பிற்பகலைப் பற்றியே. மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறோம்.

நகரமன்றத் தேர்தலை முழுக்க இணையவழியில் நடத்துவதற்கு முன் எங்களை வைத்தே ஓர் ஒத்திகை. வேட்பாளர்கள் ஆப்பிளும் ஆரஞ்சும். மதிய இடைவேளையில் அவரவர் வீட்டுக்குப் போய், அவரவர் கைப்பேசியில், தமக்கு வந்த ரகசிய எண்ணை இட்டு வாக்களிக்க வேண்டும். நாங்களோ எங்கள் முப்பத்தேழு எண்களையும், ஒத்திகையில் சேராத கிடங்குக் காப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். ஆப்பிளுக்கு அமோக வெற்றி!

இயக்குநர் பூரித்துப்போனார். "எல்லாரும் ஓட்டு போட்டாச்சு! இதுக்கு மேல என்னம்மா வேணும்? எல்லாம் தயார்னு சான்றிதழ்ல ஒரு கையெழுத்து போடுங்க. நாலு மணிக்குள்ள மேலிடத்துக்குப் போகணும்."

தாங்களோ வாக்குகள் விழுந்த நேரப் பட்டியலை விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள். "பன்னெண்டு நாப்பதுலேர்ந்து அரை நிமிஷத்துக்கு ஒண்ணு விழுந்திருக்கு, சார். வீட்ல உக்காந்து போட்ட மாதிரி தெரியல. நான் கையெழுத்து போடமாட்டேன்."

"ஆதாரம் இல்லாம மறுத்தா ஒழுங்கு நடவடிக்கைதான். ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கு, யோசிச்சுக்கோங்க."

மணி மூன்றே முக்கால். தாங்கள் எங்கள் பக்கம் திரும்பினீர்கள். "சொந்தக் கையால ஓட்டு போட்டவங்க கை தூக்குங்க."

அம்மையீர், அந்தக் கணத்தை எப்படி மறப்போம்! பொய்யாகத் தூக்கினால் தங்கள் வேலைக்கு ஆபத்து. தூக்காவிட்டால் எங்கள் கழுத்துக்குக் கத்தி. கணக்கரின் கை பாதிதூரம் எழுந்தது. தங்கள் பார்வை பட்டதும் அது காதைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கியது. வேறொரு கையும் அசையவில்லை.

கிடங்குக் காப்பாளர் எழுந்தார். "எல்லாத்தையும் நான்தான் போட்டேன், சார். எனக்கு ஆரஞ்சு புடிக்காது."

யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "ஆபீஸ்லயே இந்த லட்சணம்னா வீட்ல?"

"அதத்தான் சார் சொல்றேன். வீட்ல புருஷன் பக்கத்துல நிப்பான், பட்டறையில முதலாளி நிப்பான். யாரோ மிரட்டிப் போட வெச்சா, அத மாத்திப் போட வழி வேணும். கடைசியா சாவடிக்கு வந்து சீட்டுல போட்டா அதுதான் செல்லணும். தன் ஓட்டு போய்ச் சேந்துச்சான்னு அவங்கவங்களே பாக்கணும், ஆனா யாருக்குப் போட்டோம்னு அடுத்தவனுக்குக் காட்ட முடியக் கூடாது. கணினியத் திறந்து பாக்க நம்ம ஆளு இல்லாம வெளியாளு வரணும். போன் இல்லாதவங்களுக்குப் பழைய பெட்டி இருக்கணும். ஜெயிச்சவன் எதையும் நம்புவான் சார், தோத்தவன் நம்பணும்."

நான்கு மணிக்குச் சான்றிதழ் போகவில்லை. தங்கள் நிபந்தனைகள்தாம் போயின, இயக்குநரின் கையெழுத்தோடு. எங்களுக்கோ ஆளுக்கொரு குறிப்பாணை வந்தது. "என் வாக்கை நான் அளிக்கவில்லை" என்று முப்பத்தேழு பேரும் விளக்கம் எழுதினோம். பணிக்காலத்தில் நாங்கள் எழுதிய விளக்கங்களில் உண்மையானது அது ஒன்றே!

நிபந்தனைகள் இன்னும் முழுதாய் நிறைவேறவில்லை. நகரமும் இன்னும் சீட்டில்தான் வாக்களிக்கிறது. ஆகவே, அறம் காத்த அம்மையீர், அவை யாவும் நிறைவேறும் நாள்வரை நோயின்றி நெடிது வாழ்க! அன்று தங்கள் வீட்டு அறையில், தோளுக்குப் பின்னால் எவரும் நில்லாமல், நிம்மதியாய் வாக்களிக்க! ஐயம் வந்தால் சாவடிக்கு வருக. பழைய பெட்டியோடு காத்திருப்போம்.

இங்ஙனம்,
குறிப்பாணை பெற்றுத் திருந்திய முப்பத்தேழு ஊழியர்கள்,
தேர்தல் அலுவலகம்.